சீனி ஆலை முதல் சிறு தொழிற்சாலை வரை: முதலாளியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், செபராங் பிறையில், வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஜாவி தோட்டத் தமிழ்ப்பள்ளி, சங்காட் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பைரம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பட்டியல் நீள்கிறது. சுங்கை பாக்காப் வட்டாரத்தில் தோட்டங்கள் சுருங்கிவிட்டன. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. ஆனால் தோட்டத்தின் பெயரைப் பள்ளிக்கூடம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

கரும்பும் ரப்பரும் விற்று இலாபம் பார்க்க வந்த முதலாளிக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? மருத்துவமனை எதற்கு? இரக்கத்தால் கட்டினாரா, கட்டாயத்தால் கட்டினாரா? இன்று 'பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு' என்ற பெயரில் உலகம் முழுவதும் பேசப்படும் விஷயத்தின் வேரும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு விடை தேட இலண்டனுக்கோ நியூயார்க்கிற்கோ போக வேண்டியதில்லை. சுங்கை பாக்காப்பின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

எருமை இழுத்த ஆலை

1786-இல் பினாங்குத் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1800-இல் எதிர்க்கரையிலிருந்த கெடாவின் நிலப்பகுதியும் வந்தது. அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டார்கள். அங்கே முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் தியோச்சியூ சீனர்கள். அவர்களுடைய ஆலைகள் மிகச் சிறியவை. எருமைகள் சுற்றிவர, செங்குத்தாக நிற்கும் இரண்டு கல் உருளைகள் கரும்பைப் பிழியும். சாற்றை வரிசையாக வைத்த இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை எடுத்து, பானைகளில் ஊற்றிப் பாகு வடியவிட்டால் சீனி. இன்றைய வார்த்தையில் சொன்னால் அது சிறுதொழில்தான்.

1840-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் நுழைந்தார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள். 'வால்டோர்' என்ற ஊர்ப்பெயரே பிரெஞ்சு மொழியில் 'பொன் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் தோட்டப் பெயர்தான். நீராவி ஆலைகள் வந்தன. தோட்டங்கள் பெருகின. ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள்.

சுங்கை பாக்காப் என்ற ஊரை உருவாக்கியவர் கீ லாய் ஹுவாட் என்ற சீன முதலாளி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புத் தோட்டமும் சீனி ஆலையும் நடத்தி, கடைவீடுகளை எழுப்பி, ஆலையைச் சுற்றி ஒரு பட்டணத்தையே வளர்த்தார். கீ குடும்பத்தின் மூதாதையர் இல்லம் இன்றும் அங்கே நிற்கிறது. தொழில் நடக்கும் ஊரைத் தன் ஊராகக் கருதி வளர்த்த முதலாளி என்று அவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. சமூகப் பொறுப்பின் முதல் வடிவம் இதுதான். சட்டம் சொல்லாமலே, தன் பெயருக்காகவும் தன் தொழிலுக்காகவும் முதலாளி ஊருக்குச் செய்வது.

ஆனால் இந்த வடிவத்தில் ஒரு குறை உண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் விருப்பம். கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை.

அம்பலத்துக்கு வந்த பிறகே சட்டம்

சஞ்சிக்கூலியாக வந்த தமிழனின் நிலை என்ன? கப்பல் செலவும் முன்பணமும் அவன் தலையில் கடனாக ஏறின. அதைக் கழிக்கும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஓடினால் அது குற்றம். பிடித்துச் சிறையில் போடலாம். தண்ணீர் சுத்தமில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. நோயாளிக்கு வேலை நாள் குறைந்தது, கூலி குறைந்தது, கடன் நீண்டது.

1873-இல் வெல்லெஸ்லி மாகாணத்தின் மலாக்கோஃப் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் நடத்தப்பட்ட கொடுமை வெளியே வந்தது. அரசாங்கம் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆட்களை அனுப்பும் இந்திய அரசாங்கமும் கேள்வி கேட்டது. ஆட்கள் வருவது நின்றுபோனால் ஆலை நின்றுபோகும் என்ற அச்சம் பிறந்தது. 1876-இல் நீரிணைக் குடியேற்ற நாடுகள் இந்தியக் குடியேறிகளின் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றின. 1884-இல் இன்னொரு சட்டம் வந்தது. 1890-இல் தொழிலாளர் நிலையை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. முடிவில் 1910-இல் சஞ்சிக்கூலி முறைக்கே முடிவு கட்டப்பட்டது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கொடுமை, பிறகு அம்பலம், அதன்பின் ஆள் கிடைக்காதோ என்ற பயம், கடைசியில் சட்டம். முதலாளிகளின் மனம் தானாகக் கனிந்து வந்த சட்டம் ஒன்றும் இதில் இல்லை.

பள்ளிக்கூடமும் அப்படித்தான் வந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் கிடைத்தது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். சில இடங்களில் கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிக் கொடுத்தார். சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றினால் போதும் என்ற மனப்பான்மைதான். ஆனாலும் அந்தக் கொட்டகைகளிலிருந்து எழுந்ததுதான் இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளி. அரைமனதோடு நிறைவேற்றப்பட்ட ஒரு கடமைகூட நூறு ஆண்டு கழித்துப் பயன் தருகிறது என்றால், முழுமனதோடு செய்திருந்தால் என்னவாகியிருக்கும்?

எல்லாரும் சேர்ந்து சுமந்த சுமை

அக்காலத்தில் முதலாளிகளுக்குள்ளேயே ஒரு தகராறு இருந்தது. ஒருவர் செலவு செய்து தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டக்காரர் காசு கூடுதலாகக் காட்டி அவர்களை இழுத்துக்கொள்வார். செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. நல்லவராக இருப்பவர் நட்டப்படுவார் என்ற நிலை வந்தால் நல்லவராக இருக்க யார் முன்வருவார்?

இதற்கு 1907-இல் ஒரு வழி கண்டார்கள். தமிழர் குடியேற்ற நிதி என்ற பொது நிதி அமைக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும், வேலை செய்த நாட்கணக்கின்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். பெரியவர் நிறையக் கட்டுவார், சிறியவர் குறைவாகக் கட்டுவார். ஆனால் கட்டாமல் தப்பிக்க யாராலும் முடியாது. தொழிலாளியின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போனது. கடன் அவன் தலையிலிருந்து இறங்கியது.

மருத்துவமனை விஷயத்திலும் இதே வழிதான். தனியாக மருத்துவமனை கட்டச் சிறிய தோட்டத்தால் முடியாது. பல தோட்டங்கள் கூட்டாக ஒரு மருத்துவமனை நடத்தின. சிறியவர்களின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு உதாரணங்களையும் மறந்துவிடக்கூடாது.

அந்தக் கூட்டுப் பொறுப்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் மலாயா கண்டது. ரப்பர் காலத்தில், 1950-ஆம் ஆண்டுகளில், வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கிச் சிறு முதலாளிகளுக்கு விற்றார்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்தது சட்டத்தின் கண்ணில் தோட்டமே அல்ல. அது சிறு நிலவுடைமை. தோட்டத்துக்குரிய கடமைகள் அந்தத் துண்டுகளோடு சேர்ந்து காணாமல் போயின. லயத்து வீட்டைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. நிரந்தர வேலை போய்க் குத்தகை வேலை வந்தது. பேராசிரியர் உங்கு அசிஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துண்டாடலின் பாதிப்பைப் பதிவு செய்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கியதும் இந்த ஆபத்துக்கு எதிராகத்தான்.

முதலாளி சிறியவரானால் பொறுப்பும் சிறியதாகிவிடும் என்று சட்டம் விட்டுவிட்ட இடத்தில், நட்டப்பட்டவர் தொழிலாளி.

ஜூரு ஆற்றின் முறையீடு

1970-ஆம் ஆண்டுகளில் காட்சி மாறியது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் அமைந்தது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் 1972-இல் திறக்கப்பட்டது. எதிர்க்கரையில் பிறை தொழிற்பேட்டை வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். மாதச் சம்பளம் வந்தது. அது உண்மையான நன்மை. அதை மறுக்க முடியாது.

அதே சமயத்தில், சுங்கை பாக்காப்புக்கு வடக்கே ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த மலாய் மீனவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். தொழிற்பேட்டைக் கழிவுநீர் கலந்ததில் ஆறு கெட்டது. மீன் குறைந்தது. கோலா ஜூரு மீனவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடினார்கள். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் தலைமையில் இயங்கிய அந்தச் சங்கம், அவர்களின் போராட்டத்தை 1976-இல் நூலாகவே வெளியிட்டது. மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சிப்பி வளர்த்துப் பிழைக்க வழி தேடினார்கள். ஆனால் ஜூரு ஆறு பல ஆண்டுகளாக நாட்டின் மாசடைந்த ஆறுகளின் பட்டியலிலிருந்து இறங்கவில்லை.

சட்டம் இல்லாமலா? சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. 1979-இல் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு விதிமுறைகள் வந்தன. அவற்றில் ஒரு விலக்கு இருந்தது. ஒரு நாளில் 60 கன மீட்டருக்குக் குறைவாகக் கழிவுநீர் விடும் இடத்துக்கு, எண்ணெயும் குறிப்பிட்ட நச்சுப் பொருள்களும் அதில் இல்லாதிருத்தல் போன்ற நிபந்தனைகளோடு, விதி பொருந்தாது. ஒரு சிறு பட்டறையை நினைத்துப் பார்த்தால் இந்த விலக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரே வாய்க்காலில் பத்துப் பட்டறைகள் தலைக்கு 50 கன மீட்டர் விட்டால் கூட்டுத்தொகை 500. சட்டப்படி ஒருவரும் குற்றவாளி இல்லை. ஆறு மட்டும் செத்துப்போகும்.

ஆம்பூரும் திருப்பூரும் கற்ற பாடம்

இதே சிக்கல் தமிழ்நாட்டில் இன்னும் பெரிய அளவில் வெடித்தது. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலும் குடும்பத் தொழில். கழிவுநீர் கிணறுகளில் இறங்கியது. நிலம் பாழானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை அது உறுதியாக நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. தனித்தோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் ஆலை ஓடக்கூடாது என்றது.

'எங்களால் முடியாது, நாங்கள் சிறியவர்கள்' என்பதுதான் ஆலைக்காரர்களின் முதல் பதில். ஆனால் அதே ஆலைக்காரர்கள் சில ஆண்டுகளுக்கு முன் வேறொன்றைச் செய்து காட்டியிருந்தார்கள். 1989-இல் ஜெர்மனி, தோல் கெடாமலிருக்கப் பயன்படும் பென்டாகுளோரோஃபீனால் என்ற நச்சு இரசாயனத்தைத் தடை செய்தது. வாங்குபவர் வேண்டாம் என்றதும் அந்தப் பொருளை விட்டுவிட்டு மாற்றுக்குப் போனார்கள். தொலைதூரத்து வாடிக்கையாளர் சொன்னால் முடிகிறது, பக்கத்துக் கிணற்றுக்காரர் சொன்னால் முடியவில்லை. அப்படியானால் குறை வசதியில் மட்டும் இருக்கவில்லை.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் உலகச் சந்தையைப் பிடித்தது. சாயப்பட்டறைகளின் உப்புக்கரைசல் நொய்யலில் ஓடியது. விவசாயத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையானது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு வந்தது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பிறகு அரசின் உதவியோடு கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீரமைக்கப்பட்டு, தண்ணீரில் பெரும்பகுதி மறுபடி சாயத்துக்கே திரும்பும் முறை நிலைபெற்றது. முடியாது என்று சொன்னது முடிந்தது. ஆனால் நொய்யல் கரை விவசாயி இழந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

கூட்டு நிலையம் கட்டிவிட்டாலே பொறுப்பு முடிந்துவிடுமா? 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் தோல் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டார்கள். எல்லாருக்கும் பொதுவானது யாருக்கும் சொந்தமில்லாததாக மாறினால் இதுதான் கதி. கூட்டாகக் கட்டுவது போல் கூட்டாகக் கண்காணிக்கவும் வேண்டும்.

இன்னொரு பாடம் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகிறது. உலகக் கால்பந்துகளைத் தைத்த அந்த ஊரில், பிள்ளைகளின் உழைப்பை ஒழிக்க 1997-இல் உடன்பாடு ஏற்பட்டது. தையல் வீடுகளிலிருந்து கண்காணிக்கக்கூடிய மையங்களுக்கு மாறியது. பிள்ளைகள் விலகியது நல்லதே. ஆனால் வீட்டிலிருந்தபடி தைத்துச் சம்பாதித்த பெண்கள் பலர் மையங்களுக்குப் போக முடியாமல் வருமானம் இழந்தார்கள். வாங்குபவர் நிபந்தனை போடுவார். அதன் செலவைச் சிறு உற்பத்தியாளரும் அவருக்குக் கீழே இருப்பவரும் சுமப்பார்கள். விலையை உயர்த்தாமல் நிபந்தனையை மட்டும் உயர்த்தும் வாங்குபவரும் இந்தக் கணக்கில் பொறுப்பாளிதான்.

மறுபடியும் சுங்கை பாக்காப்

இன்று வால்டோர் தொழிற்பேட்டையில் கரும்பு வாசனை இல்லை. மலேசியாவில் உற்பத்தித் துறையில் ஆண்டு விற்பனை 5 கோடி வெள்ளிக்கு மிகாமலோ, வேலையாட்கள் 200 பேருக்கு மிகாமலோ இருந்தால் அது சிறு நடுத்தரத் தொழில். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நடவடிக்கைகளை வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடு 2006, 2007-ஆம் ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. சிறியவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவர்கள் அறிக்கை எழுதுவதில்லை. எழுதத் தேவையும் இல்லை.

ஆனால் அவர்கள் தவறினால் விளைவு சிறியதாக இருப்பதில்லை. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள்; நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. 2018-இல் சீனா குப்பை இறக்குமதியை நிறுத்தியதும், உலகத்துப் பிளாஸ்டிக் குப்பை மலேசியாவுக்குத் திரும்பியது. உரிமமில்லாத சிறு ஆலைகள் அதை எரித்த புகையைப் பக்கத்துக் குடியிருப்புகள் சுவாசித்தன. 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளிக்கு உயர்த்தியிருக்கிறது. வழக்கம்போல, அம்பலத்துக்கு வந்த பிறகே சட்டம்.

லயத்தின் கதையும் திரும்பியிருக்கிறது. அன்று நாகப்பட்டினத்திலிருந்து தமிழன் வந்தான். இன்று வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் நாடுகளிலிருந்து வருகிறார்கள். கப்பல் கடனுக்குப் பதில் முகவர் கடன். லயத்துக்குப் பதில் நெரிசலான விடுதி. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் இருந்த குடியிருப்புச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, தங்குமிடம் கொடுக்கும் எல்லா முதலாளிக்கும் பொதுவானது. மறு ஆண்டே கொவிட் தொற்று வந்து, தொழிலாளர் விடுதிகளின் நிலையை நாடறியச் செய்தது. தன் கொள்ளுப்பாட்டன் கடனோடு வந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்கள் பலர் இன்று அதே வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துகிறார்கள், மேற்பார்வையாளராக இருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து அவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி.

தீபாவளிக்குப் பரிசுக்கூடை கொடுப்பதும், பள்ளிக்குக் காசோலை வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதும் நல்ல செயல்களே. ஆனால் அவை வரிசையில் கடைசியில் வர வேண்டியவை. முதலில் வர வேண்டியது சரியான சம்பளம், அதுவும் சரியான தேதியில். அடுத்து ஆள் படுத்து எழக்கூடிய இடம். அடுத்து, ஆலைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால். இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் செய்யும் தருமம், இடது கையால் எடுத்ததில் கொஞ்சத்தை வலது கையால் கொடுப்பதுதான்.

சிறியவருக்குத் தனியாகச் சுமக்க முடியாத செலவு உண்டு. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வழி விலக்கு அல்ல, கூட்டு. 1907-இன் குடியேற்ற நிதியும், தோட்டங்களின் கூட்டு மருத்துவமனையும், ஆம்பூர் திருப்பூர்க் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சொல்வது ஒன்றுதான்: ஒரு தொழிற்பேட்டையின் பத்து முதலாளிகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கழிவுநீர் நிலையம், ஒரே தொழிலாளர் விடுதி, ஒரே குழந்தைக் காப்பகம் என்று முடிவெடுத்தால், தனியாக எட்டாதது கைக்கு எட்டும். நல்லவர் நட்டப்படாமலிருக்க, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை.

வால்டோரில் சீனி காய்ச்சிய முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களை இன்று யாரும் தேடுவதில்லை. அவர்கள் எவ்வளவு இலாபம் பார்த்தார்கள் என்பது அந்த ஊருக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியில் மட்டும் தினமும் காலையில் மணி அடிக்கிறது. இன்றைய தொழிற்சாலைகள் போன பிறகு அவற்றின் பெயரை எது தாங்கி நிற்கும், ஒரு பள்ளிக்கூடமா, ஒரு செத்த ஆறா என்பதை இன்றைய முதலாளிகள்தான் முடிவு செய்ய வேண்டும்.